புகைக்குக் கணக்கு உண்டா மாமா?

கண்ணீர்ப்புகையை நான் ஒரே ஒருமுறைதான் மூச்சில் இழுத்திருக்கிறேன். அதுவும் கொடி பிடிக்கப் போய் இல்லை, பஸ் பிடிக்கப் போய். எந்த ஊர், எந்தக் கட்சி, எந்த வருடம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு உடனே அந்தக் கட்சி யோக்கியமா இல்லையா என்று திரும்பிவிடும், நான் எழுத உட்கார்ந்த விஷயம் நடுத்தெருவில் நிற்கும். கடலூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு நாலு ரோடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறியல் நடந்துகொண்டிருந்தது. பஸ்ஸை அரை கிலோமீட்டர் முன்பே நிறுத்திவிட்டு, "நடக்கிறவங்க இறங்கி நடந்துக்கங்க" என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். நானும் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். கூட்டத்தின் வால் பக்கத்தில்தான் இருந்தேன். முன்னால் யார் முதலில் கல் எறிந்தது, எறிந்தார்களா இல்லையா, ஒன்றும் அங்கிருந்து தெரியாது. மைக்கில் யாரோ பேசுவது கேட்டது, ஆனால் அது தலைவர் பேச்சா போலீஸ் எச்சரிக்கையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் இரண்டுமே அதே புனல் ஒலிபெருக்கியில் அதே கொரகொரப்போடுதான் வருகிறது. அப்புறம் 'டொப்' என்று ஒரு சத்தம். துப்பாக்கி என்று நினைத்து எல்லாரும் குனிந்தோம். மேலே ஒரு வெள்ளைக் கோடு வளைந்து வந்து, பூக்காரம்மா கூடை வைத்திருந்த இடத்துக்கு ஏழெட்டு அடி தள்ளி விழுந்து சீறியது. பார்க்க நமுத்துப்போன தரைச்சக்கரம் மாதிரி இருந்தது. பொறி இல்லை, புகை மட்டும்.

முதல் மூச்சில் பட்டாசு வாசனைதான். இரண்டாவது மூச்சில் அது வேறு ஒன்றாகிவிட்டது. மிளகாய் வறுக்கும்போது ஜன்னலைத் திறக்க மறந்தால் ஒரு நெடி ஏறுமே, அதை யாரோ உள்ளங்கையில் அள்ளி முகத்தில் அப்பினது போல இருந்தது. கண்ணை நான் மூடவில்லை, அதுவாக மூடிக்கொண்டது. திறக்கப் பார்த்தால் இமை என் பேச்சைக் கேட்கவில்லை. மூக்கு ஒழுகுகிறது, எச்சில் ஒழுகுகிறது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது, இதில் ஓடு ஓடு என்று பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். எந்தப் பக்கம் ஓடுவது?

பக்கத்தில் இருந்த செல்போன் ரீசார்ஜ் கடைக்குள் பதினைந்து இருபது பேர் நுழைந்தோம். கடைக்காரப் பையன் நல்ல எண்ணத்தில் ஷட்டரை இழுத்துவிட்டான். அதுதான் தப்பு. ஷட்டருக்குக் கீழே இருந்த நாலு விரல் இடைவெளியில் புகை மெதுவாக உள்ளே வந்தது, வந்தது வெளியே போகவில்லை. ஒரு பெண் இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. முதலில் வீறிட்டு அழுதது. கொஞ்ச நேரத்தில் அழுகைச் சத்தம் நின்று, வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, மூச்சு மட்டும் 'ஹக் ஹக்' என்று வருகிறது. அந்தச் சத்தத்தை இன்றைக்கும் என்னால் கேட்க முடியும். பின்பக்கத்துக் கதவை உடைத்துத் திறந்து சந்துக்குள் போனதும், ஒரு டீக்கடைக்காரர் கிளாஸ் அலசுகிற தண்ணீர் இல்லாமல், தனியாக வைத்திருந்த குடிதண்ணீர்க் குடத்தையே தூக்கி வந்து ஒவ்வொருவர் முகத்திலும் ஊற்றினார். "தேய்க்காதீங்க, தேய்க்காதீங்க, முழிச்சிக்கிட்டே ஊத்திக்கங்க" என்று சத்தம் போட்டார். அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

இருபது நிமிடத்தில் கண் திறந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் பஸ்ஸும் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி அழுக்குக் கூடையில் போட்டேன். மறுநாள் காலையில் அம்மா எல்லாத் துணியையும் ஒன்றாக ஊறவைத்துக் கசக்கினாள். பத்து நிமிடத்தில் கை எரிகிறது, கண் எரிகிறது என்று கூப்பாடு. "சட்டையில என்னடா மிளகாப்பொடியக் கொட்டிட்டு வந்த?" என்று கேட்டாள். எனக்கே அப்போதுதான் உறைத்தது.

ஏனென்றால் அது வாயுவே இல்லை. இன்று உலகத்தில் பெரும்பாலான போலீஸ் வைத்திருப்பது சி.எஸ். என்கிற ஒரு வேதிப்பொருள், சாதாரண வெப்பத்தில் வெள்ளைத் தூளாக இருக்கும். 1928-ல் கார்சன், ஸ்டவ்டன் என்று இரண்டு அமெரிக்கர்கள் கண்டுபிடித்தது, அவர்கள் பெயரின் முதலெழுத்துகள்தான் சி.எஸ். குண்டுக்குள் அது எரிபொருளோடு கலந்திருக்கும், பற்றியதும் மிக நுண்ணிய துகளாக மாறிப் புகையோடு பறக்கும். துகள் என்பதால் சட்டையில், தலைமுடியில், கடைக்குள் இருக்கிற பாயில், பூக்காரம்மாவின் சாமந்தியில் எல்லாம் படிந்துவிடும். நம் உடம்பில் வெங்காயம், கடுகு இவற்றின் காரத்தை உணர்கிற ஒரு நரம்பு வாசல் இருக்கிறது, அதே வாசலைத்தான் இது முழு வேகத்தில் தட்டுகிறது. அதனால்தான் கண்ணீர். காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும், குனிந்து ஓடுகிறவனுக்கும் இடுப்பளவு உயரமுள்ள குழந்தைக்கும்தான் அதிகம் கிடைக்கும். இந்தியாவில் இதைச் செய்கிற இடம் மத்தியப்பிரதேசத்தில் குவாலியர் பக்கம் டேகன்பூர், எல்லைப் பாதுகாப்புப் படையின் தொழிற்சாலை. 1976-ல் அமைத்தது.

இதையெல்லாம் நான் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது. முதலில் கேட்டது மாமாவிடம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஆயுதப்படையில் சேர்ந்து எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர், ஆகி ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். புருவத்துக்கு மேலே ஒரு இஞ்சு நீளத்துக்குத் தழும்பு இருக்கும், ஏதோ ஒரு மறியலில் பட்ட கல். ஆகவே போலீஸ்காரன் என்றால் அடிக்கத்தான் பிறந்தவன் என்கிற பேச்சு அவர் முன்னால் எடுபடாது, என்னாலும் அப்படி எழுத முடியாது. கல்லும் வருகிறது, பாட்டிலும் வருகிறது, ஹெல்மெட் போட்டாலும் மண்டை மண்டைதான்.

"காத்து பாக்கணும் மாப்ள. அதான் மொத பாடம்" என்றார். ஆயுதப்படை மைதானத்தில் கலவரத் தடுப்பு ஒத்திகை நடக்கும். பாதிப் பேர் லுங்கி கட்டிக்கொண்டு போராட்டக்காரர்களாக வந்து கோஷம் போடுவார்கள், பாதிப் பேர் கேடயத்தோடு நிற்பார்கள். பார்க்க நாடகம் மாதிரி இருக்குமாம். ஆனால் புகை மட்டும் நிஜம். போலீஸ் நிற்கிற பக்கத்திலிருந்து கூட்டத்தின் பக்கம் காற்று போனால்தான் போடலாம். கடலூரில் காலையில் தரைக்காற்று கடலைப் பார்த்து வீசும், மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பி வரும். "பத்து மணிக்கு நிக்கிற எடம் வேற, ரெண்டு மணிக்கு நிக்கிற எடம் வேற. இது தெரியாத ஒரு ஆபீசர், வெளியூர்லருந்து வந்தவரு, போடு போடுன்னாரு. போட்டோம். எல்லாம் எங்க மூஞ்சிக்கே வந்துச்சு. கூட்டம் கை தட்டிச் சிரிச்சுது" என்று சொல்லி அவரும் சிரித்தார். சிப்காட் ரசாயன ஆலைகளுக்குப் பக்கத்தில் இருக்கிற குடிகாட்டுக்காரர்களைக் கேட்டாலும் காற்றைப் பற்றி இதே அளவுக்குச் சொல்வார்கள். அவர்களுக்கு அது வேறு பாடம்.

சரி, வரிசை என்ன? முதலில் பேனர். 'சட்டவிரோதக் கூட்டம், கலைந்து செல்லுங்கள்' என்று துணியில் எழுதிப் பிடிக்க வேண்டும், மைக்கில் சொல்ல வேண்டும். அதற்கும் நேரம் கொடுத்துக் கலையாவிட்டால் புகை. புகைக்கும் கலையாவிட்டால் தடியடி. கடைசியில்தான் துப்பாக்கி, அதுவும் முட்டிக்குக் கீழே. கேஸ் கன்னை ஆளைப் பார்த்து நேராக நீட்டக் கூடாது, சாய்த்து மேலே பார்த்துச் சுட வேண்டும், குண்டு வளைந்து போய் விழ வேண்டும். நேராகச் சுட்டால் அது புகைக்குண்டு இல்லை, இரும்புக் கட்டைதான், மண்டையைப் பிளந்துவிடும். மூடின இடத்துக்குள் போடக் கூடாது. 2020-ல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் இந்த வகை ஆயுதங்களுக்கென்று வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இதே சங்கதிகள்தான் இருக்கின்றன, மாமாவுக்கு அதைத் தெரியாது, மைதானத்தில் கற்றது.

"எல்லாம் சரி மாமா, பின்னால நின்ன எனக்கு பேனரே தெரியலையே" என்றேன்.

"பேனரு முன்னால நிக்கிறவனுக்குத்தான்டா."

"முன்னால நிக்கிறவனுக்கு எச்சரிக்கை, பின்னால நிக்கிறவனுக்குப் புகையா?"

பதில் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்தார்.

நெய்வேலியை எடுத்துக்கொள்ளலாம், நம் மாவட்டத்தில் எல்லாருக்கும் நினைவிருக்கிற ஒன்று. 2023 ஜூலை 26, என்.எல்.சி. சுரங்க விரிவாக்கத்துக்காகச் சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, பொக்லைன்கள் பச்சை நெற்பயிருக்குள் இறங்கின. நிலம் பல வருடம் முன்பே கையகப்படுத்தினது, அதனால் எங்களுடையது என்று நிறுவனம் சொன்னது. கதிர் வருகிற பயிரை மிதித்தால் எந்த விவசாயிக்கும் வயிறு எரியும் என்பது அந்தக் காகிதத்தில் இருக்காது. இரண்டு நாள் கழித்து, 28-ம் தேதி, பா.ம.க. நெய்வேலியில் முற்றுகைப் போராட்டம் நடத்தியது. அன்புமணி ராமதாஸைக் கைது செய்து போலீஸ் வாகனத்தில் ஏற்றியதும் கூட்டம் வண்டியை மறித்தது, கல் பறந்தது, தடியடி, தண்ணீர் பீய்ச்சியடித்தல், கண்ணீர்ப்புகை, வானத்தைப் பார்த்துத் துப்பாக்கிச்சூடு, எல்லாம் ஒரே மதியத்தில் நடந்தன. போலீஸாரும் அடிபட்டார்கள், தொண்டர்களும் அடிபட்டார்கள். பிறகு சென்னை உயர் நீதிமன்றம் அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது.

இதில் என்னை உறுத்துவது, பயிருக்காவது ஏக்கர் கணக்கில் ஒரு தொகை வந்தது. அடிபட்ட போலீஸாருக்கும் எண்ணிக்கை வந்தது, கைதானவர்களுக்கும் எண்ணிக்கை வந்தது. புகையை இழுத்தவர்களுக்கு? போராட்டத்துக்கு வந்தவர்களை விட்டுவிடுவோம். இந்த மாதிரி நாட்களில் வழியோடு போனவர், டூட்டி முடிந்து வந்தவர், மாடியில் துணி காயப்போட்டவர், ஆஸ்துமாக்காரர், இவர்கள் எந்தப் பட்டியலில் வருவார்கள்?

மாமாவோடு இதைப் பேசினால் அவர் ஒரே இடத்துக்குத்தான் வருவார். "துப்பாக்கிக்கு இது தேவலாம்டா." அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் மண்ணுக்கு அந்தச் சரித்திரம் நிறையவே இருக்கிறது. புதுச்சேரியில் 1936 ஜூலை 30, எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடின சவானா மில் தொழிலாளிகள் மேல் பிரெஞ்சு போலீஸ் சுட்டதில் 12 பேர் செத்தார்கள். வருடா வருடம் அந்த நாளில் மாலை போடுகிறார்கள். 1965 ஜனவரி 27, இந்தி எதிர்ப்பில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் சுடப்பட்டார், சிதம்பரத்தில் சிலையாக நிற்கிறார். 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கத்தின் ஒரு வார சாலை மறியலில் 21 பேர் உயிர் போனது, எங்கள் தென்னார்க்காட்டில் அந்த வாரத்தைப் பற்றிச் சொல்ல ஒரு கதை இல்லாத தெரு குறைவு. அப்போது மாமாவுக்குப் போலீஸில் சேருகிற வயது. மறியல் செய்தவர்களில் பாதிப் பேர் அவருக்கு உறவு.

அதனால் அவர் சொல்வது அவருக்கு வெறும் வாதம் இல்லை. ஆனால் புகை வந்ததால் துப்பாக்கி போய்விட்டதா? 2012 செப்டம்பர் 10, கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரைக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் புகை போட்டார்கள், கண் தெரியாமல் ஜனங்கள் கடலில் இறங்கி ஓடின படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதே நாளில் மணப்பாட்டில் ஒரு மீனவர் குண்டுக்குச் செத்தார். 2018 மே 22, 23, தூத்துக்குடி. புகையும் இருந்தது, தடியும் இருந்தது, 13 பேர் செத்தார்கள். அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் 17 போலீஸார் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. மாமா சொல்கிற ஏணியில் ஒவ்வொரு படியாகத்தான் ஏறுவார்கள் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? இரண்டு படி தாண்டிக் குதித்தாலும் மேலே இருந்து யாரும் கையைப் பிடிப்பதில்லை.

இந்தப் புகையைப் போரில் பயன்படுத்தக் கூடாது, ஊருக்குள் மட்டும் போடலாம் என்று ஒரு பேச்சு உண்டு. உண்மைதான். 1993-ல் கையெழுத்தான இரசாயன ஆயுத ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது, இந்தியாவும் அதில் உண்டு. போர்க்களத்தில் எந்தப் புகை வந்தாலும் எதிரி அதை விஷவாயு என்று நினைத்துப் பதிலுக்கு நிஜ விஷத்தை எடுத்துவிடுவான் என்கிற பயம் அதற்கு ஒரு காரணம். கூட்டத்திடம் திருப்பிப் போட ஒன்றும் இல்லை என்பதால் கூட்டத்துக்கு அனுமதி. 2024 பிப்ரவரியில் பஞ்சாப்-ஹரியானா நடுவே ஷம்பு எல்லையில் டிரோனிலிருந்தே குண்டைப் போட்டார்கள். பஞ்சாப் விவசாயிகள் ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினார்கள், டிரோன் சிக்கட்டும் என்று பட்டம் விட்டார்கள். பட்டம் விட்ட சேதி கேட்டு மாமா தொடையில் தட்டிச் சிரித்தார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வக்கீல் நண்பரைக் கேட்டேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 148-வது பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டக் கணக்கில் 129. நிர்வாக நடுவரோ, ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியோ, அவர் இல்லாவிட்டால் எஸ்.ஐ.க்குக் குறையாத ஒருவரோ கலையச் சொல்லலாம், கலையாவிட்டால் பலத்தைப் பயன்படுத்தலாம். எவ்வளவு பலம் என்று அந்தப் பிரிவில் அளவு கிடையாது. இந்த அதிகாரத்தின் பேரில் செய்ததற்கு அரசாங்க அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது, நல்லெண்ணத்தோடு செய்தது குற்றமே ஆகாது என்று 151 சொல்கிறது. "அப்ப கோர்ட்டே இல்லையா?" என்றால் இருக்கிறது. அனிதா தாக்கூர் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம், ஆரம்பத்தில் பலம் தேவைப்பட்டிருந்தாலும் கூட்டம் அடங்கின பிறகும் அடித்தது அத்துமீறல் என்று சொல்லி, அடிபட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. சம்பவம் நடந்தது 2007-ல். ஒன்பது வருடம். அதுவும் காயம் கண்ணுக்குத் தெரிகிறவர்களுக்கு. புகை பட்டவன் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் கண் தெளிந்துவிடும், டாக்டர் என்னத்தை எழுதுவார்?

போன மாதம் மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன். புதுச்சேரிக்கு நான்தான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். கன்னியக்கோயில் தாண்டினதும் சிவப்புத் தொப்பி போட்ட புதுச்சேரி கான்ஸ்டபிள் ஒருவர் வண்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக அவரையே பார்த்துக்கொண்டு வந்த மாமாவிடம் கேட்டேன், ஒரு போராட்டம் முடிந்தால் குண்டுக்குக் கணக்கு எழுதுவீர்களா என்று.

"பின்ன? எத்தன செல் எடுத்துட்டுப் போனோம், எத்தன சுட்டோம், எத்தன வெடிக்காமப் போச்சு, மிச்சம் எத்தன திரும்ப வந்துச்சு, எல்லாம் ரிஜிஸ்டர்ல ஏறணும். ஒண்ணு கொறஞ்சாலும் ராத்திரி தூங்க முடியாது. கன்னு தொடைக்கிற துணிக்குக்கூடக் கணக்கு இருக்குது."

"புகை யார் யாருக்குப் போச்சுன்னு ஒரு கட்டம் இருக்குமா மாமா அதுல?"

கொஞ்ச நேரம் யோசித்தார். ஒத்திகையில் அவரே எத்தனை தடவை அதற்குள் நின்றிருப்பார் என்று எண்ணிப் பார்த்தாரோ என்னவோ, விரலை மடக்கி மடக்கி ஏழோ எட்டோ வரைக்கும் போய் விட்டுவிட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஆமாம், அன்னிக்கு நீ போட்டிருந்த சட்ட என்னடா ஆச்சு?" என்றார்.

"அம்மா மூணு தடவ அலசிட்டு, பழைய துணிக்குப் பாத்திரம் குடுக்கிறவன்கிட்ட போட்டுட்டாங்க மாமா. ஒரு பிளாஸ்டிக் மொறம் குடுத்தான்."